அண்ணன் அறையில் ஓடாத டிவி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில், சின்னமனூர் பக்கம் மார்க்கையன்கோட்டையில் என் அண்ணன் வீட்டில் நடந்தது இது. நான் பழனிசெட்டிபட்டியில் குடியிருந்துகொண்டு, தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பது என் கருத்து. மாணவர்களின் கருத்து வேறாக இருக்கலாம். கைவேலையில் என் திறமை, மூக்குக்கண்ணாடியின் காதுப்பிடியை முறுக்கப்போய் கண்ணாடியையே உடைத்ததோடு நின்றுவிட்டது. அப்படிப்பட்டவன் ஒரு எல்.இ.டி. டிவியைக் கழற்றிப் பழுது பார்த்தேன் என்றால் என் மனைவியே இன்னும் நம்புவதில்லை.

அண்ணன் வாழைத்தார் வியாபாரி. சின்னமனூர் கமிஷன் கடையில் அவர் விலை கேட்டால், ரோட்டில் போகிற பஸ் டிரைவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வண்டியை ஓரங்கட்டுவார். அந்தக் குரலை ஒரே நாளில் பக்கவாதம் எடுத்துக்கொண்டுபோனது. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் போயிற்று. போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மறந்துபோய் விட்டுவிட்டது போலிருக்கிறது. "அப்பறம்?" வியாபாரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்துவிடாமல் இருக்க அவர் ஓயாமல் சொன்ன சொல் அது. இப்போது பசித்தாலும் "அப்பறம்", வலித்தாலும் "அப்பறம்". மூளையில் அடி விழுந்தால் சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

முதலில் ஊரே வந்து பார்த்தது. பிறகு தெரு வந்தது. பிறகு யாரும் வரவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் ஒரு டிவி வாங்கிக் கட்டிலுக்கு எதிரே, கால்மாட்டில் ஒரு மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அந்த டிவி அண்ணனுக்கு உதவியதோ இல்லையோ, எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பார்க்கப் போனால் வாசற்படியில் நின்று, "என்னண்ணே, என்ன படம் ஓடுது?" என்பேன். "அப்பறம்?" என்பார். "பாருங்க, பாருங்க" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு ஹாலுக்குக் காபி குடிக்கப் போய்விடுவேன். ஒரு மனிதனை நலம் விசாரிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

அந்த ஐப்பசியில் எங்கள் பெரியப்பா மகன் ஒருவர் இறந்துபோனார். பங்காளி வீட்டுச் சாவு. கருமாதி முடிகிற வரையில் எங்கள் ஆட்கள் வீட்டில் டிவி போடுவதில்லை. அண்ணன் வீட்டு டிவியையும் பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் சாவு வீட்டிலேயே மெதுவாகக் கேட்டேன். பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்சவன்ல, ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கும். அந்தா படுத்திருக்கானே, அவனுக்கு இருந்துச்சா?"

பிணத்தைக் காட்டிக் கேட்கப்படும் கேள்விக்குப் பொருளாதாரத்தில் பதில் இல்லை.

டிவி நின்றதும், என்ன படம் என்று வாசற்படியில் எட்டிப் பார்க்கிறவர்களும் நின்றுபோனார்கள்; அண்ணன் சாப்பிடுவதைக் குறைத்தார். முதலில் ராத்திரிச் சாப்பாடு, பிறகு காலை இட்லி. ஊட்டினால் வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். கருமாதி வருவதற்குள் கன்ன எலும்பு தெரிந்தது. தேனியிலிருந்து வந்து பார்த்த டாக்டர், இப்படியே போனால் மூக்கு வழியாக டியூப் போடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லி, ஒரு வாரம் பத்து நாள் தவணை கொடுத்தார்.

டியூப் என்ற சொல்லுக்கு அண்ணனின் கண் விரிந்ததை நான் பார்த்தேன். காரணம் உண்டு. முதல் தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த டியூப்பை இடது கையால் பிடுங்கி எறிந்துவிட்டார். அதனால் அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிப்போட்டார்கள். உடம்பில் வேலை செய்கிற ஒரே கை. அதையும் கட்டிய பிறகு அவர் மேற்கூரையைப் பார்த்து "அப்பறம்... அப்பறம்..." என்று சொல்லிக்கொண்டே கிடந்தார். அதை இன்னொரு முறை பார்க்கும் தெம்பு எங்கள் யாருக்கும் இல்லை.

அண்ணன் மனைவியான மதினிக்கு ஒரே நம்பிக்கை டிவிதான். "டிவி ஓடுச்சுன்னா ஒரு வாயாவது எறங்கும் தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் துண்டை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி சிமிட்டல், மறுபடி டக். திரை கறுப்பாகவே இருந்தது.

சின்னமனூரிலிருந்து வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூடத் திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டுவிட்டு, "போர்டு போச்சு. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல. புதுசு வாங்கிருங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே வேறு டிவிக்கு ஆர்டர் போடுகிறேன் என்று மகன் போனில் சொன்னான். அதைக் கேட்டதும் அண்ணன் இடது கையால் கட்டிலை ஓங்கி ஓங்கித் தட்டினார். புதுசு வேண்டாமாம். ஏன் வேண்டாம் என்று அவரிடம் கேட்டுப் பெற முடியாது. பழைய டிவிமேல் அப்படி ஒரு பிரியம் என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம்.

மதினி எனக்குப் போன் செய்தார். "தம்பி, தேனில ஒங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆளா யாரும் இருக்காகளா?"

எந்தச் சனி என் நாக்கில் உட்கார்ந்ததோ, "நானே வர்றேன் மதினி" என்றேன்.

"வேற யாருமே இல்லையா?" என்றார்.

மூன்று நாள் ராப்பகலாக வீடியோ பார்த்தேன். உலகத்தில் பாதிப் பேர் டிவி ரிப்பேர் செய்கிறார்கள், மீதிப் பேர் அதைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மல்ட்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட், கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிய சால்டரிங் அயர்ன் சகிதம் மார்க்கையன்கோட்டையில் போய் இறங்கினேன்.

முதலில் பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மதினி சமையலறையிலிருந்து மிக்ஸியைக் கொண்டுவந்து அண்ணன் அறையில் செருகி ஓடவிட்டார். காலி ஜாரோடு அது போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு வெற்றிலைக் கொடிக்கால்காரர் பதறி ஓடிவந்தார். உறவில்லாவிட்டாலும் நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னப்பா, படுத்திருக்கிறவருக்குச் சட்னி அரைச்சு ஊத்தப்போறியா?" என்றார். வந்தவர் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்பார்வைக்கு உட்கார்ந்துவிட்டார்.

பாயிண்டில் கரண்ட் இருந்தது. வயரும் சரி. ரிமோட்டில் குறையில்லை என்று தெரிந்தபின் டிவியைத் திறப்பது என்று முடிவாயிற்று. இன்னொரு கட்டிலை அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நெருக்கிப் போட்டு, போர்வை விரித்து, திரை அடியில் இருக்கும்படி டிவியைக் குப்புறக் கிடத்தினோம். கழற்றுகிற ஸ்க்ரூக்கள் உருண்டு ஓடாமல் இருக்க மதினி ஒரு டிபன் மூடியைக் கொடுத்தார். அதை வைக்க வேறு இடமில்லாமல் அண்ணனின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தேன். "பாத்துக்கங்கண்ணே, இதுல ஒண்ணு போனாலும் டிவி மூடாது" என்றேன். அவர் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

பார்த்த வீடியோக்களில் தெளிவாக இருந்த ஒன்று மலையாளத்தில் இருந்தது. மதினிக்குப் பிறந்த வீடு குமுளிப் பக்கம். அதனால் என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மொழிபெயர்க்க, நான் செய்வது என்று ஏற்பாடு.

"அந்த உருண்டையா டப்பா மாதிரி நிக்குதுல்ல, அதுக்குத் தலை தட்டையா இருக்கணுமாம். வீங்கியிருந்தா அதுதான் சீக்காளியாம்."

"எந்த உருண்டை மதினி? இங்கன ஏகப்பட்டது நிக்குது."

"அத அவரு சொல்ல மாட்டேங்குறாரு. சேனலுக்கு சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்றாரு."

தேடினேன். பவர் போர்டின் ஓரத்தில் ஒரு கப்பாசிட்டர் தலை உப்பி நின்றது. பேறுகாலம் நெருங்கியவள் போல என்று மாமா வர்ணித்தார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் விரலை நீட்டிக் காட்டினேன். காட்டிய கையின் இன்னொரு விரல் பக்கத்திலிருந்த பெரிய கப்பாசிட்டரின் காலில் பட்டது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கரண்டைச் சேமித்து வைத்திருக்கும். சேமிப்பைப் பற்றி வருடம் முழுக்கப் பாடம் எடுக்கிற எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தோள் வரைக்கும் ஓர் உதை. "ஆத்தாடி!" என்று பின்னால் போய் மாமாவின் மடியில் உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பாதிதான் சிரித்தது, மறுபாதி அசையவில்லை. ஆனால் உடம்பு முழுதும் குலுங்கியது. விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எலேய், தம்பி சாகப்போறான்னா அண்ணனுக்கு எம்புட்டுச் சந்தோசம் பாரு" என்றார் மாமா.

நான் கையை உதறிக்கொண்டிருக்கும்போதே மதினி சந்தடிசாக்கில் ஒரு கிண்ணத்தில் இட்லியைப் பிசைந்து எடுத்துவந்தார். அண்ணன் டிவியின் வயிற்றைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். கிண்ணம் காலியானது. மதினி சமையலறைக்குப் போய் நீண்ட நேரம் வரவில்லை.

கப்பாசிட்டர் தேனியில்தான் கிடைக்கும், அன்றைக்குக் கடை இல்லை. ஆகவே டிவி அப்படியே திறந்து கிடந்தது. அந்த வாரம் முழுக்க மாமா ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். எதிர் வீட்டு வயர்மேன் வந்து, நான் கண்டுபிடித்தது தப்பு என்று அண்ணனிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போனாராம். டிவி கழற்றிக் கிடக்கிறது என்றால் நம் ஊரில் கருத்துச் சொல்லாமல் தாண்டிப்போகிற ஆள் யார்? அண்ணன் எல்லோரிடமும் "அப்பறம்? அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே கஞ்சி குடித்தாராம்.

அடுத்த ஞாயிறு போனேன். இந்த முறை பெரிய மனிதருக்குக் காட்டுகிற மரியாதையோடு பெரிய கப்பாசிட்டரை விட்டு விலகியே இருந்தேன். உப்பியதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பற்றவைத்தேன். விரலில் ஒரு கொப்புளம், போர்வையில் ஒரு ஓட்டை. ஸ்விட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. பிறகு படம் வந்தது. மாமா கைதட்டினார். வயர்மேன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். பின்மூடியை மூடி, டிவியைக் கால்மாட்டில் மேசைமேல் நிறுத்தி, செய்திச் சேனலைச் சத்தமாக வைத்துவிட்டு, ஒரு வெற்றி வீரனைப் போல ஹாலுக்குக் காபி குடிக்கப் போனேன். மாமாவும் எழுந்து கொடிக்காலுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வாரத்திலேயே மதினியிடமிருந்து போன். "டிவி நல்லா ஓடுது தம்பி. சோறுதான் எறங்கல. போன வாரம் சாப்பிட்டாருன்னு தள்ளிப்போட்ட டாக்டரு, திங்கக்கெழம டியூப்போட வர்றேன்னு சொல்லிட்டாக." குரலில் அழுகைகூட இல்லை. அழுது முடித்த குரல்.

ஞாயிறு வரை காத்திருக்காமல் லீவு போட்டுவிட்டுப் போனேன். என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். படம் கொஞ்சம் இருட்டாக இருப்பது போல இருக்கிறதே என்று சொல்லி, டிவியைக் கீழே இறக்கிக் கட்டிலில் கிடத்திப் பின்மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூக்கள் டிபன் மூடிக்குப் போயின. சத்தம் கேட்டு மாமா வந்துவிட்டார். "மறுபடி படுத்துருச்சா? நான் அன்னைக்கே நெனச்சேன்" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டார். மதினி கஞ்சியோடு வந்தார். அண்ணன் குடித்தார்.

உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. இங்கே அங்கே மீட்டரை வைத்துவிட்டுத் திரும்ப மூடினேன். ஒரு ஸ்க்ரூ குறைந்தது. போர்வையை உதறினோம். மாமா போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்து, பிறகு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார். மதினி அவர் காலைப் பிடித்து இழுத்தார். அந்தக் களேபரத்தில் தற்செயலாக அண்ணனைப் பார்த்தேன்.

அவருடைய இடது கை மூடியிருந்தது. அந்தக் கை எப்போதும் போர்வையை நெருடிக்கொண்டே இருக்கும். இப்போது அசையாமல், இறுகி, முட்டி வெளுத்துப்போய் இருந்தது. விரல்களுக்கு நடுவில் கறுப்பாக ஸ்க்ரூவின் முனை தெரிந்தது. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். ஆயிரம் தாருக்கு ஒரே மூச்சில் விலை பேசிய மனிதர், களவு செய்து பிடிபட்ட கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்: "அப்பறம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். அதைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்ததுதான் அவருக்குச் சோறாக இறங்கியிருக்கிறது.

"தெரியலண்ணே" என்றேன். "இன்னும் ஏதோ கோளாறு இருக்கு. ஒரேயடியாச் சரியாகாது போலருக்கு. அடுத்த வாரமும் வந்து பாக்கணும். அதுவரைக்கும் தெறந்தே கெடக்கட்டும்."

மூடியிருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. நான் அதை விரிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்த டாக்டர் டியூப்பைப் பையிலேயே திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஐந்தாறு மாதம், வாரா வாரம் போய் நல்ல டிவியைக் கழற்றினேன். மாமா தினமும் வந்து அதன் உடல்நிலையை விசாரித்தார். வயர்மேன் என்னோடு சண்டை போடுவதற்காகவே ஞாயிறுகளை ஒதுக்கிவைத்தார். ஒரு நாள் மதினி என்னை ஹாலில் நிறுத்தி, "ஏன் தம்பி, ஓடுற டிவியப்போயி..." என்று ஆரம்பித்தார். அறைக்குள்ளிருந்து மாமாவின் சிரிப்பும் அண்ணனின் பாதிச் சிரிப்பும் கேட்டன. மதினி நிறுத்திக்கொண்டார். "காபியா, டீயா?" என்றார். "உள்ளயே குடுத்துருங்க மதினி" என்றேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனுக்கு இரண்டாவது முறை வந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்வரைகூட இருக்கவில்லை.

வீட்டில் கிடத்துவதற்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் திறந்து கிடந்த டிவியை மாமா ஒரு பக்கம் தூக்க, பின்மூடியை நான் எடுத்துக்கொண்டேன். நடையில் மாமா நின்றுவிட்டார். உடைந்து அழுதார்.

"கடைசி வரைக்கும் இத ஒன்னால ஒக்கிட்டு ஓடவைக்க முடியலையேப்பா. அந்த மனுசன் ஆற அமரப் பாக்காமலே போயிட்டாரே."

"ஆமா மாமா" என்றேன்.

குளிப்பாட்டும்போது அண்ணனின் இடது கையை விரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்த ஸ்க்ரூ எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. மறுபடியும் டிவிமேல் துண்டு விழுந்தது. கருமாதிக்குப் பிறகு மதினி துண்டை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டதும் சட்டென்று படம் வந்ததாம். உடனே நிறுத்திவிட்டாராம்.

இப்போதெல்லாம் படுத்திருக்கும் யாரையாவது பார்க்கப் போனால், வாசற்படியில் நின்று விசாரித்துவிட்டுத் திரும்ப என்னால் முடிவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, வேறு வேலை ஏதும் கிடைக்காவிட்டால் அவர்கள் வீட்டு ரிமோட்டின் பேட்டரியையாவது கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன், அவர்களாகச் சலித்துப்போய் "சரி, கெளம்பு" என்று சொல்கிற வரைக்கும்.